அன்று எங்கே இருந்தீர்கள்? – 2004 ஆழிப்பேரலை நினைவுக் கூற்றுகளும் தமிழாய்வின் பொறுப்பும்

முன்னுரை

நாட்டை உலுக்கிய பேரிழப்பு ஒன்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?' என்னும் வினாவும் உடன் எழுகிறது. 1948 ஜனவரி 30ஆம் நாள் மாலை காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை தமிழகக் கரையைத் தாக்கிய ஆழிப்பேரலை என ஒவ்வொரு தலைமுறைக்கும் இவ்வினாவுக்குரிய நாள் ஒன்று உண்டு. விடை கூறுவோர் நிகழ்வின் காரணத்தையோ பரப்பையோ முதலில் சொல்வதில்லை. தாம் நின்ற இடம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, செய்தியைக் கொண்டுவந்தவர், அருகில் இருந்தவர் சொன்ன முதல் சொல் ஆகியவற்றையே சொல்கின்றனர். வரலாற்று நூல்கள் விட்டுவிடும் இச்சிறு செய்திகளால் ஆன கூற்றுகள், கேட்பவரை அந்நாளுக்குள் கொண்டு நிறுத்தும் ஆற்றல் உடையவை.

ஆய்வுகளில் இக்கூற்றுகள் பெரும்பாலும் இரு வகையில் பயன்படுத்தப்படுகின்றன. நிகழ்வின் வரலாற்றை எழுதுவதற்கான சான்றாக அவற்றைக் கொள்வது ஒன்று. இதில் பிழை காணப்பட்டவுடன் கூற்று ஒதுக்கப்படுகிறது. துயரின் அடையாளமாக ஓரிரு வரிகளை மேற்கோள் காட்டிக் கடந்துசெல்வது மற்றொன்று. இதில் கூற்று ஆராயப்படுவதே இல்லை. தனக்கென அமைப்பும் மரபும் உடைய ஒரு வாய்மொழி வகையாக இக்கூற்று இவ்விரண்டிலும் கருதப்படுவதில்லை. 2004 ஆழிப்பேரலை பற்றிய நினைவுகளை அவற்றின் பிழைகளோடும், பேச்சு வடிவத்தோடும், யாரிடம் சொல்லப்பட்டன என்னும் குறிப்போடும் தொகுத்துப் பதிப்பிப்பது தமிழாய்வின் உடனடிக் கடமை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நினைவின் தெளிவும் நினைவின் உண்மையும்

இத்தகைய நினைவுகளைப் பற்றிய ஆய்வுக்கு நெடிய வரலாறு உண்டு. ஆபிரகாம் லிங்கன் 1865இல் சுடப்பட்ட செய்தியைக் கேட்டபோது எங்கே இருந்தனர் என்று 179 பேரிடம் வினவி, அதன் முடிவுகளை 1899இல் கோல்கிரோவ் என்னும் அமெரிக்க உளவியலாளர் வெளியிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தும் 127 பேர் இடம், பொழுது, சொன்னவர் ஆகியவற்றை விரிவாகக் கூறினர். 1977இல் ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் ஆகிய இருவரும் கென்னடி கொலை முதலான நிகழ்வுகளைக் கொண்டு இவ்வகை நினைவுக்குப் 'பளிச்சொளி நினைவு' எனத்தக்க பெயரை இட்டனர். ஒளிப்படக் கருவியின் வெளிச்சம் ஒரு கணத்தை அப்படியே பதிவதுபோல மனமும் அக்கணத்தைப் பதிந்துகொள்கிறது என்பது அவர்கள் கருத்து. இடம், அப்போது நடந்துகொண்டிருந்த செயல், செய்தி சொன்னவர், பிறர் உணர்ச்சி, தன் உணர்ச்சி, பின்விளைவு ஆகிய ஆறும் இக்கூற்றுகளில் திரும்பத் திரும்ப வருவதை அவர்கள் கண்டனர்.

ஒளிப்பட உவமை நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய மறுநாளே உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் கல்லூரி மாணவர்களிடம், செய்தியை எவ்வாறு அறிந்தனர் என்று எழுதி வாங்கினர். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர்களுள் 44 பேரிடம் அதே வினாக்களைக் கேட்டபோது, 11 பேரின் விடைகள் முதல் விடைகளோடு எவ்விடத்தும் பொருந்தவில்லை. ஆயினும் தம் நினைவு சரியானது என்ற உறுதி மாணவர்களிடம் மிகுந்திருந்தது. நண்பர் சொல்லக் கேட்டவர்கள்கூடத் தாம் தொலைக்காட்சியில் கண்டதாக நினைவுகூர்ந்தனர். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை வைத்து டலாரிக்கோ, ரூபின் ஆகியோர் நடத்திய ஆய்வும் இதையே வேறு வகையில் காட்டியது. அந்நாள் நினைவும் அன்றாட நிகழ்வின் நினைவும் ஒரே அளவில் திரிந்தன. அந்நாள் நினைவின் தெளிவும் அதன்மேல் வைத்த நம்பிக்கையும் மட்டும் குறையவில்லை.

இம்முடிவுகளைக் கொண்டு 'நினைவுகள் நம்பத்தகாதவை, ஆகவே ஆய்வுக்கு உதவா' என்று கூறுவோர் உண்டு. இத்தாலிய வாய்மொழி வரலாற்றாளர் அலெசாண்ட்ரோ போர்டெல்லியின் ஆய்வு இதற்குத் தக்க மறுமொழி. தெர்னி நகரின் தொழிலாளி லூயிஜி த்ராஸ்துல்லி 1949இல், நேட்டோ உடன்படிக்கைக்கு எதிரான போராட்டத்தில் காவலரால் கொல்லப்பட்டார். அந்நகரத் தொழிலாளர் பலர், அவர் 1953இல் ஆலைப் பணிநீக்கங்களை எதிர்த்த கிளர்ச்சியில் இறந்ததாகவே கூறினர். போர்டெல்லி இதைப் பிழை என்று திருத்திவிட்டு நகரவில்லை. பலர் ஒரே திசையில் ஏன் தவறுகின்றனர் என்று கேட்டார். தம் வாழ்வைப் புரட்டிய பணிநீக்கத்தோடு அம்மரணத்தைச் சேர்த்ததன் மூலம் அத்தொழிலாளர் அதற்குப் பொருள் தந்தனர் என்பது அவர் கண்ட விடை. நடந்தது எது என்பதை ஆவணத்தைக் கொண்டு உறுதி செய்த பின்னரே இந்த வினா எழ முடியும் என்பதும் கருதத்தக்கது. பிழையை மதிப்பதற்கு அது பிழை என்று அறிந்திருக்க வேண்டும்.

கேட்டவரும் நின்றவரும்

மேற்கண்ட உளவியல் ஆய்வுகளுக்கு ஒரு வரம்பு உண்டு. அவை பெரும்பாலும் செய்தியைக் கேட்டவர்களை வைத்து நடத்தப்பட்டவை. காந்தியடிகளின் மறைவைப் பற்றித் தமிழகத்தில் கிடைக்கும் நினைவுகளும் இவ்வகையின. புதுதில்லியில் மாலை ஐந்து மணி கடந்து நிகழ்ந்த கொலையின் செய்தி, வானொலிப் பெட்டி இருந்த வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் தெருவுக்கும், தெருவிலிருந்து ஊருக்கும் வாய்வழியே பரவியது. அக்கூற்றுகளில் செய்தி கொண்டுவந்தவருக்குத் தனியிடம் இருப்பது இயல்பே.

2004 டிசம்பர் 26 அத்தகைய நாளன்று. அன்று சுமத்ராவுக்கு அப்பால் கடலடியில் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது இந்திய நேரம் காலை 6.29. சென்னையில் சிலர் அதிர்வை உணர்ந்து வீட்டைவிட்டு வெளியே வந்தனர். அலை தமிழகக் கரையை அடைய மேலும் இரண்டு மணிநேரத்துக்கு மேலாயிற்று. அந்த இடைவெளியில் எச்சரிக்கை எதுவும் கரைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கிறித்துமசுக்கு மறுநாள், மார்கழி முழுநிலவு நாள். வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் கூடியிருந்தனர். சென்னைக் கடற்கரையில் நடைப்பயிற்சிக்கு வந்தோரும் விளையாடும் சிறுவரும் இருந்தனர். கன்னியாகுமரியில் பயணிகள் விவேகானந்தர் பாறைக்குச் சென்றிருந்தனர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர். அவர்களுள் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். இலங்கையில் இறந்தோர் 30,000க்கும் மேற்பட்டோர்.

அந்நாளைத் தொலைக்காட்சியில் கண்ட உள்நாட்டு ஊரினருக்கு 'எங்கே இருந்தீர்கள்?' என்பது செய்தியைக் கேட்ட இடம் பற்றிய வினா. அக்கரைப்பேட்டையிலோ கீச்சாங்குப்பத்திலோ இருந்தவருக்கு அது உயிர் பற்றிய வினா. ஒரு தெரு தள்ளி நின்றவர் பிழைத்தார். மணல்மேட்டில் இருந்தவர் பிழைத்தார். மாடிக்கு ஏறியவர் பிழைத்தார். ஆழ்கடலில் இவ்வலையின் உயரம் குறைவு. கரையை நெருங்கும்போதே அது எழும்புகிறது. எனவே கடலுக்குள் நெடுந்தொலைவு சென்றிருந்த மீனவர் பலர் எதையும் பெரிதாக உணராமல் கரை திரும்பி, அழிந்த ஊரைக் கண்டனர். கடலுக்குப் போனவர் உயிரோடிருக்க, கரையில் இருந்தவர் இறந்தமை அத்தொழிலின் வழக்கமான அச்சத்தையே தலைகீழாக்கியது.

பெண்களின் நிலை இதைத் தெளிவாக்கும். ஆக்ஸ்பாம் அமைப்பு 2005 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தோருள் பெண்கள் 2,406 பேர், ஆண்கள் 1,883 பேர். கடலூர் மாவட்டத்தில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர். படகுகள் கொண்டுவரும் மீனை வாங்கவும் விற்கவும் பெண்கள் கரையில் காத்திருக்கும் பொழுது அது. வீட்டில் இருந்தோரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. ஆகவே கடலோர ஊர்களில் 'எங்கே இருந்தேன்' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் செய்த தொழிலும், அவர் ஆணா பெண்ணா என்பதும், அவர் கையில் எத்தனை குழந்தைகள் இருந்தனர் என்பதும் அவ்விடத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இவ்விரு வகையையும் ஒரே தொகுப்பில் 'ஆழிப்பேரலை நினைவுகள்' என்று சேர்த்து வைப்பது ஆய்வுமுறைக் குறை. கேட்டவர் கூற்றில் இடம் ஒரு பின்னணி; நின்றவர் கூற்றில் இடமே கதை. முன்னதில் தொடக்கமும் முடிவும் செம்மையாக அமையும்; பின்னதில் காலவரிசை குலைவதும், ஒரே கணம் மீண்டும் மீண்டும் சொல்லப்படுவதும், சில பெயர்களில் பேச்சு நின்றுபோவதும் இயல்பு. இக்குலைவை ஆய்வாளர் சீராக்கி எழுதினால் நின்றவர் கூற்றும் கேட்டவர் கூற்றாகிவிடும்.

பின்னர் வந்த சொல்

தமிழாய்வாளர் மட்டுமே கவனிக்கக்கூடிய செய்தி ஒன்று இக்கூற்றுகளில் உள்ளது. அன்று காலை கரையில் நின்றவர்களுள் மிகப் பெரும்பாலோர் 'சுனாமி' என்னும் சொல்லை அறிந்திருக்கவில்லை. துறைமுக அலை என்னும் பொருளுடைய அந்த ஜப்பானியச் சொல் தொலைக்காட்சியாலும் மறுநாள் செய்தித்தாளாலும் வீடுதோறும் நுழைந்தது. பின்னர் அது ஊர்ப்பெயராயிற்று. 'சுனாமி குடியிருப்பு' என்று மக்களே வழங்கினர். ஆட்டைப் பெயராகவும் ஆயிற்று. 'சுனாமிக்கு முன்', 'சுனாமிக்குப் பின்' என்று காலம் பிரிக்கப்பட்டது. ஆழிப்பேரலை, கடற்கோள் ஆகிய சொற்கள் எழுத்து வழக்கில் நின்றன.

'சுனாமி வந்தபோது வீட்டில் இருந்தேன்' என்று இன்று ஒருவர் சொல்கிறார். அக்கணத்தில் அவரிடம் அச்சொல் இல்லை. பெயரற்ற ஒன்று அவரை நோக்கி வந்தது. அப்போது அவர் கேட்டது 'தண்ணி வருது', 'கடல் உள்ள வந்துட்டு' போன்ற கூவலாக இருந்திருக்கும். கடல் 'வருவது' என்னும் வினையே, கரையைக் கடல் தாண்டாது என்ற நம்பிக்கை முறிந்ததைச் சொல்லிவிடுகிறது. பெயர் வந்தபின் நிகழ்வு அறிவியலுக்கும் அரசுக்கும் உரியதாகிறது. பெயர் வருமுன் அது அவருக்கும் கடலுக்கும் இடையே நிகழ்ந்தது. ஒரே கூற்றுக்குள் 'சுனாமி' என்ற சொல் எங்கே வருகிறது, 'தண்ணி' என்ற சொல்லுக்குப் பேச்சு எங்கே திரும்புகிறது என்று பார்த்தால், பின்னர் அறிந்ததும் அன்று கண்டதும் சேரும் இடங்கள் புலப்படும். கள ஆய்வின் எழுத்துப்படியில் 'தண்ணி', 'கடல்' ஆகியவற்றை நீக்கி 'ஆழிப்பேரலை' என்று திருத்தும் பதிப்பு முறை, தமிழ்ப்பற்றின் பெயரால் ஒரு சான்றை அழிக்கிறது.

தொலைக்காட்சியின் தடம் சொல்லோடு நிற்பதில்லை. 'முதலில் கடல் உள்வாங்கியது' என்பது இன்று பலருடைய கூற்றுக்குத் தொடக்கமாக அமைகிறது. கடலடியில் நிலம் பிறழ்ந்த முறையால், பொதுவாகக் கிழக்கே தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் பின்வாங்கியது என்றும், மேற்கே இந்திய, இலங்கைக் கரைகளுக்கு நீரெழுச்சி முதலில் வந்தது என்றும் அறிவியலாளர் விளக்குவர். இங்கும் அலைகளுக்கு இடையே கடல் பின்வாங்கியது. வெறுமையான கடற்படுகையைப் பார்க்கச் சென்றவரை அடுத்த அலை கொண்டுசென்றதும் உண்டு. தமிழகக் கரையின் சில இடங்களில் அலைக்கு முன்னரே பாறைகள் தெரிந்ததாகக் கூறுவோரும் உள்ளனர். எனவே 'உள்வாங்கியது' என்று ஒருவர் சொல்லும்போது அது அவர் கண்டதாக இருக்கலாம். இரண்டாம் அலைக்கு முன் கண்டது முதலிடத்துக்கு நகர்ந்திருக்கலாம். பிறநாட்டுப் படக்காட்சிகள் தந்த வரிசையாகவும் இருக்கலாம். இதை முன்கூட்டியே முடிவு செய்வது ஆய்வாளர் வேலையன்று. அவ்வூரில் அவ்விடத்தில் நின்ற பலர் கூற்றுகளை ஒப்பிட்டு ஆராய்வதே அவர் வேலை. அதற்கு நிமிடமும் இடமும் குறித்த விரிவான பதிவுகள் தேவை.

செய்யுளியல் தரும் வினாக்கள்

இக்கூற்றுகளை ஆராயத் தமிழ் மரபில் ஒரு கருவி உள்ளது. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுறுப்புகளாக வகுத்தவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் ஆகியவை அடங்கும். பிரவுனும் குலிக்கும் கண்ட ஆறனுள் இடம் களனோடும், உணர்ச்சி மெய்ப்பாட்டோடும் ஒப்புநோக்கத்தக்கவை. இவ்வொப்புமையைக் கொண்டு இக்கால உளவியலைத் தொல்காப்பியர் அறிந்திருந்தார் என்று நிறுவ முனைவது வீண். செய்யுளுறுப்புகள் புலவன் ஆக்கிய பாடலுக்கு உரியவை. வாய்மொழிக் கூற்று பாடலன்று. அவ்வுறுப்புகளை வினாக்களாகக் கொள்ள இவ்வேறுபாடு தடையாகாது. உளவியல் பட்டியலில் இல்லாத மூன்று வினாக்களை அவை தருகின்றன என்பதே இங்குக் கருதத்தக்கது.

முதலாவது, கேட்போர். உளவியல் ஆய்வு, செய்தியை அன்று சொன்னவர் யார் என்று கேட்கிறது. நினைவை இன்று யாரிடம் சொல்கிறார் என்று கேட்பதில்லை. நிவாரணக் கணக்கெடுக்க வந்த அலுவலரிடம் சொன்னது, தொலைக்காட்சிச் செய்தியாளரிடம் சொன்னது, தொண்டு நிறுவனத்தாரிடம் சொன்னது, பேரக்குழந்தையிடம் சொன்னது ஆகியவை ஒரே கூற்றின் படிகள் அல்ல. இழப்பீட்டுக்கு உரியவர் என்று நிறுவ வேண்டிய கட்டாயத்தில் சொல்லப்பட்ட கூற்றில் இடமும் நேரமும் உறுதியாக இருக்கும். அவ்வுறுதி பின்னர் அவருடைய நினைவாகவே நிலைத்துவிடவும் கூடும். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 26 அன்று ஒலிவாங்கியின் முன் சொல்லப்படும் கூற்றுக்கு அந்நாளுக்குரிய நடை வந்துவிடுகிறது.

இரண்டாவது, எச்சம். சொல்லாலோ குறிப்பாலோ பின்னர் நிறைவுபெறுமாறு விடப்பட்ட பகுதி அது. 'கையைப் பிடித்திருந்தேன்' என்று சொல்லி நிற்பவரின் தொடர், எழுவாயும் பயனிலையும் பெற்று இலக்கணப்படி முடிந்திருக்கலாம், பொருள் முடியவில்லை. எழுத்துப்படியில் அவ்விடத்தில் முற்றுப்புள்ளி இடுவது போதாது. அந்த மௌனம் குறிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, முன்னம். இவ்விடத்தில் இம்மொழியைச் சொல்லத்தக்கவர் இவர், கேட்கத்தக்கவர் இவர் என்று அறியச் செய்வது அது. பேரிழப்பின் கதையைச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு என்பது கடலோர ஊர்களில் இன்றும் நிற்கும் சிக்கல். ஊர்ப் பஞ்சாயத்தார் சொல்வது ஊரின் கதையாகிறது. அக்கரையை ஒட்டி வாழ்ந்த உப்பளத் தொழிலாளர், விவசாயக் கூலிகள், இருளர் ஆகியோர் கூற்றுகள் துணைக்கதைகளாகவே நின்றுவிடுகின்றன. படகும் வலையும் இழந்தவர் பதிவுகளில் இடம்பெற்ற அளவுக்கு, அன்றாடக் கூலியை இழந்தவர் இடம்பெறவில்லை.

மெய்ப்பாட்டிலும் எச்சரிக்கை வேண்டும். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்பதால் கடலோரத் துயரை நெய்தல் திணையோடு பொருத்தி எழுதுவது ஆய்வாளர்க்கு எளிது. அப்பொருத்தம் கூற்றுகளில் உள்ள பிறவற்றை மறைத்துவிடும். உயரும் கடலை முதலில் மருட்கையோடு பார்த்து நின்றவர் உண்டு. எச்சரிக்கை வரவில்லை என்ற வெகுளி உண்டு. வரிசையில் நின்று பிறர் உடுத்திய ஆடையைப் பெற்றபோது தோன்றிய இளிவரல் உண்டு. அயலாரைக் காப்பாற்றியவரின் பெருமிதமும் உண்டு. அழுகை ஒன்றையே கேட்க வந்தவருக்கு இவை கேட்பதில்லை.

வினவும் அறமும் செய்ய வேண்டுவனவும்

செய்தியைக் கேட்டவரிடம் 'எங்கே இருந்தீர்கள்?' என்பது உரையாடலின் தொடக்கம். குழந்தையை இழந்த தாயிடம் அதே வினா குற்றச்சாட்டாக ஒலிக்கும். அவ்வினாவை அவர் தமக்குத் தாமே பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். வினாநிரலை ஏந்திச் சென்று ஒரே நாளில் முப்பது பேரிடம் விடை பெற்றுவரும் முறை இங்குப் பொருந்தாது. ஊரின் பழைய அமைப்பு, தெருக்கள், தொழில், அவ்வாண்டு மார்கழியின் மீன்பாடு ஆகியவற்றிலிருந்து பேச்சைத் தொடங்கி, அந்நாளைச் சொல்வதா விடுவதா என்பதைச் சொல்பவரின் விருப்பத்துக்கு விட வேண்டும். சொல்ல மறுப்பதும் பதியத்தக்க விடையே. ஆய்வேடு முடிந்த பின்னும் ஒலிப்பதிவின் படி சொன்னவரிடமோ அவர் குடும்பத்தாரிடமோ இருக்க வேண்டும்; பெயர் வெளியிடுவது அவர் இசைவைப் பொறுத்தது.

காலமும் கருதத்தக்கது. அன்று அறுபது வயதினராக இருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். அன்று பத்து வயதுச் சிறாராக இருந்தோர் முப்பதைக் கடந்து, அந்நாளைத் தம் குழந்தைகளுக்குச் சொல்லும் நிலையில் உள்ளனர். தாம் கண்டதும் பெரியோர் சொல்லக் கேட்டதும் அவர்களிடம் கலந்திருக்கும்; அக்கலப்பே தனியாக ஆராயத்தக்கது. ஈழத்தில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. முல்லைத்தீவுக் கரையில் 2004இல் ஆழிப்பேரலையைக் கண்டவர்களுள் பலர் 2009இல் அதே மாவட்டத்துக் கடற்கரையில் போரின் இறுதி நாள்களையும் கண்டனர். அவர்களிடம் ஓர் இழப்பின் இடத்தைக் கேட்டால் மற்றோர் இழப்பின் இடமும் உடன் வரும். இரண்டையும் பிரித்துத் தரும்படி கேட்பது ஆய்வாளரின் வசதிக்காகவே அமையும்.

பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் செய்யக்கூடியவை சில உண்டு. முதலாவது, 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுக்கப்பட்டு ஆய்வாளர் வீடுகளில் கிடக்கும் ஒலிநாடாக்களையும் குறிப்பேடுகளையும் தேடிப் பெறுதல். சேலஞ்சர் ஆய்வின் வலிமை மறுநாளே எழுதி வாங்கிய தாள்களில் இருந்தது. அத்தகைய முற்பதிவு ஒன்று கிடைத்தாலும், அதே கூற்றாளரிடம் அவர் இசைவோடு இன்று மீண்டும் கேட்டு, இருபது ஆண்டுகளில் நினைவு சென்ற வழியைக் காண முடியும். இரண்டாவது, எழுத்துப்படி ஆக்குவதற்கு ஒரு பொது நெறியை வகுத்தல்: வட்டார வழக்கைத் திருத்தாமை, மௌனத்தைக் குறித்தல், கேட்போரின் பெயரையும் உறவையும் பதிதல், ஆய்வாளர் கேட்ட வினாவையும் சேர்த்து அச்சிடுதல். மூன்றாவது, நின்றவர் கூற்றையும் கேட்டவர் கூற்றையும் தனித்தனியே தொகுத்தல். கேட்டவர் கூற்றும் மதிப்புக் குறைந்ததன்று. தொலைக்காட்சி எவ்வாறு ஒரு துயரை நாடு முழுவதற்கும் பொதுவாக்கியது என்பதற்கு அதுவே சான்று.

முடிவுரை

கடல்கோள் பற்றிய நினைவு தமிழ் இலக்கியத்துக்குப் புதிதன்று. சிலப்பதிகாரமும் இறையனார் களவியலுரையும் கடல் கொண்ட நிலத்தைக் கூறுகின்றன. புகார் நகரைக் கடல் கொண்டதை மணிமேகலை இந்திர விழா நின்றதோடு இணைக்கிறது. அறவணவடிகள் முதலான காப்பிய மாந்தர் சிலர் அந்நகரைவிட்டு அகன்றதையும் தெரிவிக்கிறது. நிகழ்வும் காரணமும் அங்கு உண்டு. அந்நகரின் பரதவரும் உப்பு விற்றோரும் அப்பொழுதில் எங்கே நின்றனர், எதைக் கண்டு ஓடினர், கடலை என்ன சொல்லிக் கூவினர் என்பவை இல்லை. அவற்றைக் கேட்டு எழுதியவர் இல்லாமையால் அவை மறைந்தன.

2004இன் நிலை வேறு. அன்று கரையில் நின்றவர் இன்னும் கரையில் வாழ்கின்றனர். அவர்கள் பேசுவது தமிழ். அவர்கள் ஊர்கள் தமிழ்த்துறைகள் பலவற்றிலிருந்து ஒரு நாள் பயணத் தொலைவில் உள்ளன. நிகழ்வின் காரணத்தைப் புவியியலாளரும் இழப்பின் அளவை அரசும் எழுதிவிட்டனர். பெயர் வருமுன் கடலைக் கண்டவர் சொன்ன சொற்களைப் பேணுவது தமிழ்த்துறைகளின் பங்கு. அவர்களிடம் செல்வதற்கு இன்னும் சில ஆண்டுகளே உள்ளன.